ஊசியால் அளந்த காற்று

என் தங்கைக்கு வாய் நீளம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். கூடப் பிறந்தவள் என்ற முறையில் நான் அதை மறுத்துப் பேச வேண்டும். மறுத்துப் பேச எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் வாயைவிட அவளுக்குக் காது நீளம். அதை யாரும் சொல்வதில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

ஒருமுறை அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றியவள், அத்தையின் முழங்கால் வலியை விசாரிப்பதற்கு முன்பே தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். அவள் அப்படித் தலையைச் சாய்த்தால் எங்கோ காற்று போகிறது என்று அர்த்தம். நேரே சமையலறைக்குப் போனாள். பாத்திரம் தேய்க்கும் சோப்பை நுரைத்து கேஸ் அடுப்பு ட்யூபில் தடவினாள். ஒரு இடத்தில் நுரை குமிழ் குமிழாகக் கிளம்பியது. "அத்தை, ட்யூபை மாத்துங்க, அப்புறம் காபி போடுங்க" என்றாள். அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவ விருந்துக்கு வந்தாளா, ரிப்பேருக்கு வந்தாளா?" என்று கேட்டார். மறுநாளே ட்யூபையும் மாற்றிவிட்டு, தானே கண்டுபிடித்ததாக அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார். என் தங்கைக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஓட்டை அடைபட்டால் சரி, பெயர் யாருக்குப் போனால் என்ன என்பாள். அப்படிச் சொல்வதையும் பத்துப் பேரிடம் சொல்வாள்.

நாங்கள் இருவரும் ஒரே சட்டைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறோம். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். தையல் ஹாலில் ஊசி மேசை என் பொறுப்பு. ஊசி மேசை என்றால் ஊசி கொடுப்பதுதானே என்று நினைக்கக் கூடாது. ஊசி கொடுப்பது சுலபம், வாங்குவதுதான் வேலை. தைக்கும்போது ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் கொண்டுவந்து என் முன்னால் ஒட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். முனை முதல் தலை வரை முழு ஊசி கண்ணுக்குத் தெரிந்தால்தான் புது ஊசி. ஒரு துணுக்கு குறைந்தாலும் அந்த வரிசை நிற்கும். காந்தத்தால் தரையைத் துழாவுவோம். தைத்த சட்டைகள் எல்லாம் ஊசி பிடிக்கும் மெஷினுக்குள் போய் வரும். யாரோ ஒருவருடைய குழந்தையின் கழுத்தில் குத்திவிடக் கூடாதே. இந்த விஷயத்தில் என்னிடம் சிரிப்பு, சொந்தம், சிபாரிசு எதுவும் நடக்காது.

தங்கை முதலில் நூல் வெட்டும் வேலைக்குத்தான் சேர்ந்தாள். சேர்ந்த நாளிலிருந்தே, அங்கே காற்று போகிறது, இங்கே காற்று போகிறது என்று பராமரிப்புப் பகுதி மேஸ்திரியின் உயிரை எடுத்தாள். "இவ்வளவு பேசறவ இங்கேயே வந்து அடைச்சுக் காட்டு" என்று அவர் எரிச்சலில் சொன்னார். இவள் மறுநாள் காலையில் அவர் அறை வாசலில் போய் நின்றாள். சொன்ன வார்த்தையை அவரால் திரும்ப வாங்க முடியவில்லை. மாலை நேரப் பயிற்சிக்கும் அனுப்பிவைத்தார். இப்போது கம்ப்ரஸர் அறையில் அவள்தான் ராணி. தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் 'காத்து'.

எங்கள் ஹாலில் பாதி வேலை காற்றால்தான் நடக்கிறது. பின்கட்டில் கம்ப்ரஸர் காற்றை இழுத்து, அழுத்தி, ஒரு பெரிய டாங்கில் அடைக்கிறது. அங்கிருந்து இரும்புக் குழாய் கூரையோரமாக ஹால் முழுக்க ஓடுகிறது. அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு ரப்பர் ஹோஸ் கீழே இறங்குகிறது. நூலை வெட்டுவது, துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தைத் தூக்குவது, பஞ்சுத் தூசியை ஊதுவது எல்லாம் அந்தக் காற்றுதான்.

போன வருடம் ஒரு தொல்லை வந்தது. மதியத்துக்கு மேல் கடைசி வரிசைக்குக் காற்று சரியாக வருவதில்லை. கத்தி பாதி நூலை வெட்டிவிட்டு மீதியைக் கடவுளுக்கு விட்டுவிடும். அந்த வரிசைப் பெண்கள் கத்தரிக்கோலைத் தேடி, அது கிடைக்காமல் பல்லால் கடித்து, வேலை பின்தங்கித் திட்டு வாங்கினார்கள். கடைசியில் இரண்டாவது கம்ப்ரஸர் வாங்குவது என்று நிர்வாகம் முடிவு செய்தது. நல்ல செய்திதான். ஆனால் அதை வைக்க ஒரே ஒரு இடம்தான் இருந்தது. கம்ப்ரஸர் அறையை ஒட்டிய குழந்தைகள் அறை.

அந்த அறையில்தான் ஆயா ஒருவர் வேலைக்கு வரும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். என் தங்கை மகளும் அங்கேதான். இன்னும் பால்குடி மறக்காத குழந்தை. டீ இடைவேளையில் இவள் ஒரே ஓட்டமாக ஓடிப் பால் கொடுத்துவிட்டு வருவாள். புது ஏற்பாட்டின்படி குழந்தைகளைப் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்கு மாற்றுவார்கள். லாரிகள் ஓடும் சாலை அது. டீ இடைவேளையில் போய்த் திரும்ப முடியாது. அவள் கணவரோ வண்டி ஓட்டுபவர். வாரத்தில் பாதி நாள் வெளியூரில். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது.

"அந்த ரூம் போச்சுன்னா நான் வேலைக்கு வர முடியாதுக்கா" என்றாள். வழக்கமாக ஒரு விஷயத்துக்குப் பத்து வாக்கியம் பேசுகிறவள், அன்று அந்த ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் தொழிற்சாலை இன்ஜினியரிடம் போனாள். நல்ல மனிதர். யார் பேசினாலும் முடிக்கும்வரை கேட்பார். என் தங்கையிடமும் அதைச் செய்கிறார் என்றால் அவர் பொறுமையைப் புரிந்துகொள்ளலாம். புது கம்ப்ரஸர் தேவையில்லை, இருக்கிற காற்றில் முக்கால்வாசி ஓட்டை வழியாகத்தான் போகிறது, அதை அடைத்தால் கடைசி வரிசைக்கும் தாராளமாகப் போய்ச் சேரும் என்று இவள் அடித்துப் பேசினாள்.

"போகுதுன்னு எனக்கும் தெரியும்மா" என்றாராம் அவர். "எவ்வளவு போகுதுன்னு சொல்லு. கம்ப்ரஸர் கம்பெனி ஆளு அடுத்த வாரம் வர்றாரு. அதுக்குள்ள கணக்கைக் கொண்டு வா."

கணக்குப் போடும் விதத்தையும் அவரே சொல்லிக்கொடுத்தார். அன்று மாலை அவள் அதை எனக்கு விளக்கினாள். எனக்கு எதுவும் ஒருமுறை சொன்னால் போதாது. இரண்டாம் முறை கேட்டு, நானே ஒருமுறை திருப்பிச் சொல்லி, சரிதானே என்று உறுதி செய்துகொள்வேன். அதனால் நான் எழுதுவதை நம்பலாம்.

ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் ஒரே கதவு வழியாக வெளியேறுவதை நினைத்துப் பார்க்கச் சொன்னாள். உள்ளே நெருக்கம் அதிகமாக அதிகமாகக் கதவில் வேகம் கூடும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் யாராலும் வேகமாகப் போக முடியாது. வெளியே எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் கதவு விடுவதைத்தான் விடும். காற்றும் அப்படியாம். குழாய்க்குள் அழுத்தம் வெளியே இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டால், ஓட்டையில் காற்று சத்தத்தின் வேகத்தில் ஓடும். அதற்கு மேல் வேகம் கூடாது. உள்ளே இன்னும் அழுத்தினால், நெருக்கியடித்து அதிகக் காற்று வெளியேறுமே தவிர, வேகம் அதேதான். ஆகவே ஓட்டை எவ்வளவு பெரியது, உள்ளே அழுத்தம் எவ்வளவு, இந்த இரண்டும் தெரிந்தால் போதும்.

"சத்தம் போற வேகத்துல போகுதா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா."

"அப்ப நீ பேசற வேகம்தான்" என்றேன். அவள் கண்டுகொள்ளவில்லை.

இதில் அவளுக்கு முதல் சறுக்கல் அழுத்தம் காட்டும் மீட்டரில் வந்தது. மீட்டர் முள் ஆறு என்று காட்டினால் கணக்கில் ஏழு என்று போட வேண்டுமாம். நம்மைச் சுற்றி இருக்கும் காற்றுக்கும் ஓர் அழுத்தம் உண்டு. மீட்டர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இவள் ஆறையே போட்டுக்கொண்டு போக, இன்ஜினியர் சிரித்துத் திருத்தினார். இரண்டாவது விஷயத்தில் நான் கொஞ்சம் உதவினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஓட்டையின் அகலம் இரண்டு மடங்கானால் காற்று நான்கு மடங்கு போகும் என்பது அவள் மண்டையில் ஏறவில்லை. ஒட்டுத்துணியை நினைத்துப் பார் என்றேன். நீளத்திலும் இரண்டு மடங்கு, அகலத்திலும் இரண்டு மடங்கு வெட்டினால் பழைய ஒட்டு நான்கு அதில் அடங்கும். "இதைத்தானே அவரும் சொன்னாரு" என்று அவள் என் உதவியைக் குறைத்துப் பேசினாள்.

ஓட்டைகளை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வி வந்தது. இங்கேதான் என் மேசை உள்ளே வந்தது. தையல் மெஷின் ஊசியின் நம்பர் அதன் தடிமனைத்தான் சொல்கிறது. நூறாம் நம்பர் ஊசி ஒரு மில்லிமீட்டர். தொண்ணூறு அதைவிடக் கொஞ்சம் மெலிசு. எந்த ஊசி ஓட்டையில் சரியாகப் பொருந்துகிறதோ அதுவே ஓட்டையின் அளவு. ஒரு மில்லிமீட்டர் ஓட்டை எங்கள் குழாயில் நொடிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் காற்றை விடும் என்று கணக்கு சொன்னது. ஒரு லிட்டர் பாட்டில்களை அடுக்கி வைத்துக்கொண்டு நொடிக்கு ஒன்றாகக் கவிழ்த்துக்கொண்டே இருப்பதைப் போல.

ஹால் பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கி, நம்பருக்கு ஒன்றாக ஊசிகள் கொடுத்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு நூல் கட்டினேன். உணவு இடைவேளை முடிந்து மணி அடிப்பதற்குள் எல்லாம் என் மேசைக்கு வர வேண்டும் என்றேன்.

"தெரியும்க்கா, நூறு தடவை சொல்லாதே" என்றாள். மூன்று தடவைதான் சொல்லியிருந்தேன்.

முதலில் காற்று ஓடும்போது சோப்புத் தண்ணீர் தடவி, நுரை கிளம்பும் இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டாள். காற்று ஓடும்போது ஊசியை நுழைத்தால் முகத்தில் அடிக்கும் என்பதால், உணவு இடைவேளையில் காற்றை நிறுத்திவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக அளந்தாள். சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருந்த பெண்கள், காத்து ஊசி போடுகிறாள், குழாய்க்குக் காய்ச்சலா என்று கேட்டார்கள். அவளும் ஆமாம், அடுத்தது உனக்குத்தான் என்றாள்.

வார விடுமுறையில் இன்ஜினியர் வேறு வழியில் சோதித்தார். எல்லா மெஷினும் நின்றிருக்க, டாங்கை நிரப்பி, கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு, முள் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தார். யாரும் காற்றைப் பயன்படுத்தாதபோது டாங்கில் குறைவதெல்லாம் ஒழுகல்தானே. அதில் நொடிக்கு முப்பது லிட்டர் போவது தெரிந்தது. என் தங்கையின் ஊசிக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் பதிமூன்றுதான் வந்தது.

மீதி எங்கே? மெஷின்களுக்கு உள்ளே ஒழுகுகிறது என்றார் இன்ஜினியர். அது நியாயமான பதில்தான். மெஷின்கள் பழையவை. அவற்றின் உள்ளே இருப்பதை நாங்கள் அடைக்க முடியாது. ஹோஸையும் மூட்டுகளையும் மட்டும் சரிசெய்தால் கிடைக்கும் பதிமூன்று லிட்டர் கடைசி வரிசைக்குப் போதாது. வருகிற ஆளிடம் கம்ப்ரஸருக்குச் சொல்லிவிட வேண்டியதுதான் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் வாடியிருந்தது என்று தங்கையே சொன்னாள்.

அன்று வீட்டில் அவள் பேசவில்லை. எப்போதும் ஓடும் மோட்டார் திடீரென்று நின்றால் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பது போல நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குழந்தைகூட அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தது.

மறுநாள் உணவு இடைவேளையில் மறுபடி ஊசிகளை வாங்கிக்கொண்டு போனாள். எங்கேயோ ஒரு பெரிய ஓட்டையைத் தவறவிட்டிருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். கடைசி வரிசை வரை தேடிவிட்டு, மணி அடிக்கும் நேரத்தில் ஓடி வந்து ஊசிகளை என் மேசையில் கொட்டினாள். பின்கட்டில் மேஸ்திரி காற்றைத் திறந்துவிட்டார். மெஷின்கள் ஓடத் தொடங்கின. நான் ஊசிகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். நூறாம் நம்பர் இல்லை.

"எங்கே?"

அவள் பையைத் துழாவினாள். முடிக்குள் துழாவினாள். "இங்கதான் எங்கேயோ இருக்கும்க்கா. நீ லைனை ஓடவிடு, நான் தேடித் தர்றேன்."

"அக்கா எல்லாம் வீட்டுல. இங்கே ஊசி மேசை" என்று சொல்லிவிட்டு, வேலையை நிறுத்தச் சொல்லும் விளக்கின் பொத்தானை அழுத்தினேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு வரிசை அல்ல, ஹால் முழுவதும் நின்றது. ஏனென்றால் அவள் ஹால் முழுவதும் போயிருந்தாள். காந்தக் கட்டைகள் வந்தன. பெண்கள் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே என் தங்கையைப் பற்றி என்னென்ன சொல்லலாமோ அவ்வளவும் சொன்னார்கள். ஏற்கெனவே காற்று இல்லாமல் வேலை பின்தங்குகிறது, இப்போது காற்றே நேரில் வந்து வேலையை நிறுத்திவிட்டது என்றாள் கடைசி வரிசைப் பெண் ஒருத்தி. இன்ஜினியரும் வந்துவிட்டார். தங்கை ஏணியடியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. விளக்கை அணைக்கவில்லை.

ஊசியைக் கொண்டுவந்தவர் இஸ்திரி அண்ணன். அவர் மேசை ஹாலின் ஓரத்தில், மூன்று வரிசை தள்ளி இருக்கிறது. மேசை மேல் விரித்த பஞ்சு மெத்தையில் அது செங்குத்தாகக் குத்தி நின்றதாம், சிவப்பு நூலோடு.

"யாரும்மா என்மேல அம்பு விட்டது?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஊசியை வாங்கி, முனை முழுதாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விளக்கை அணைக்கப் போனேன். தங்கை என் கையைப் பிடித்தாள்.

"அண்ணா, அந்த மெத்தைக்கு நேரா எந்த ஹோஸ் இருக்கு?"

அவர் காட்டினார். சாக்பீஸ் வட்டம் போட்ட ஒரு ஹோஸ். தங்கை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இதுலதான் மறந்து விட்டுட்டு வந்திருக்கேன். ஆனா இறுக்கமா இருந்துச்சுக்கா. புடுங்கித்தான் எடுக்கணும், அவ்வளவு இறுக்கம். அது எப்படிப் பறந்துச்சு?"

நான், காற்று தள்ளியிருக்கும் என்றேன். காற்று தள்ளினால் இரும்புக் குழாயில் வைத்ததும் பறக்க வேண்டுமே என்றாள். அதைச் சோதித்துப் பார்த்தே தீருவாள் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. எனக்கு இன்னொரு ஊசி கொடுக்க மனமில்லை. இன்ஜினியர் தன் பெயரில் எழுதிக்கொள்ளச் சொன்னார். அவர் பெயரில் கொடுத்தேன்.

கம்ப்ரஸர் அறையில் ஓட்டைக்கு முன்னால் ஒரு கோணியைப் பிடித்துக்கொண்டு சோதித்தார்கள். இரும்புக் குழாயின் ஓட்டையில் இறுக்கமாகச் செருகிய ஊசி, காற்றைத் திறந்த பிறகும் அசையாமல் இருந்தது. ரப்பர் ஹோஸில் செருகியது, காற்று வந்ததும் கோணியில் போய் விழுந்தது. ரப்பர் இழுபடும் பொருள். காற்று இல்லாதபோது உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறது. காற்று வந்ததும் வாயைத் திறக்கிறது. இவள் அளந்ததெல்லாம் மூடிய வாயை.

எங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு வாய் இருந்தும் இது எனக்குத் தோன்றாமல் போனதே என்றேன். இன்ஜினியர் திரும்பிக்கொண்டு இருமினார்.

திறந்த வாயை ஊசியால் அளக்க முடியாது. அதற்கு வழி சொன்னவர் இன்ஜினியர். சட்டைகளைப் பெட்டியில் அடுக்குவதற்கு முன் உள்ளே விரிக்கும் பெரிய பாலிதீன் பை ஒன்றை எடுத்து, அதன் வாயை ஓட்டையின் மேல் கட்டி, எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று பார்க்கச் சொன்னார். ஊசி ஒரு லிட்டர் என்று சொன்ன ஹோஸில் பை நான்கு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகச் சொன்னது. ஓட்டை இரண்டு மடங்கு விரிகிறது, காற்று நான்கு மடங்கு போகிறது. ஒட்டுத்துணிக் கணக்கு. எல்லா ஹோஸும் அவ்வளவு மோசம் இல்லை. புதியவை கொஞ்சம்தான் விரிந்தன. ஒவ்வொன்றாகப் பை கட்டிக் கூட்டியபோது இருபத்தேழு லிட்டர் வந்தது.

"மீதி மூணு லிட்டர் சாரோட மெஷினுக்கு. விட்டுக் கொடுத்துட்டேன்" என்றாள் என்னிடம். அவரிடமும் அதையே சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

கம்ப்ரஸர் கம்பெனி ஆள் வந்தபோது, அவருக்கு டீ கொடுத்து, ஹோஸ்களை மாற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தார் இன்ஜினியர். மாற்றும் வேலை முழுக்கத் தங்கையும் மேஸ்திரியும் செய்தார்கள். பழைய ஹோஸ்களை எடுத்துவிட்டு, தடித்த புது ஹோஸ்களைப் போட்டு, மூட்டுகளை இறுக்கி, மறுபடி சோப்புத் தண்ணீர் தடவினார்கள். அதற்குப் பிறகு வந்த முதல் மதியம், அவள் கடைசி வரிசைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கத்திகள் 'டக் டக்' என்று நூலை வெட்டின. ஷிஃப்ட் முடியும்வரை வெட்டின. அவளைக் கிண்டல் செய்த அதே பெண், "பல்லுக்கு ஓய்வு கொடுத்தியே, நல்லா இருப்பே" என்றாள். இரண்டாவது கம்ப்ரஸர் பேச்சு அதோடு நின்றது. குழந்தைகள் அறை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

என் தங்கை அன்று என் மேசைக்கு வந்து, என் தோளில் தலையை வைத்துவிட்டுப் போனாள். கண் கொஞ்சம் ஈரமாக இருந்தது.

அடுத்த வாரம் ஆயா அவளைத் தேடிக்கொண்டு ஹாலுக்கே வந்துவிட்டார். முன்பெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரஸர் இடைவிடாமல் உறுமிக்கொண்டிருக்கும். இப்போது காற்று வீணாவதில்லை. டாங்க் நிரம்பியதும் அது நின்று ஓய்வெடுக்கிறது. அது நின்ற அடுத்த நொடி அறையில் உள்ள குழந்தைகள் எல்லாம் கண் விழித்து ஒரே குரலில் அழுகிறார்களாம். முதலில் விழிப்பது என் தங்கை மகள். காது அம்மாவுடையது.

"ஒரே ஒரு சின்ன ஓட்டை விட்டு வையேன்மா, அது ஓடிக்கிட்டே இருக்கும்ல" என்றார் ஆயா.

"கால் மில்லிமீட்டர் கூட விட மாட்டேன்" என்றாள் என் தங்கை. "டீ டைம்ல நான் வந்து பேசிக்கிட்டு இருக்கேன், தூங்கிடுவாங்க."

ஆயா என்னைப் பார்த்தார். நான் ஊசிகளை அடுக்கத் தொடங்கினேன்.